பதினோரு பேரின் பட்டினியும் ஒரு வயிற்றின் அளவும்

ஆலகால நஞ்சு வயிற்றை அடையாமல் கழுத்திலேயே நின்றுவிட, உலகங்கள் பிழைக்கத் தன் கண்டம் கறுத்த பெருமானே, அக்கழுத்தை வளைக்கரத்தால் அழுத்திப் பிடித்த அம்மையே, உங்கள் இருவர் திருவடிகளையும் முதற்கண் வணங்குகிறேன். எவராலும் அளக்க இயலாத பெருவயிற்றைச் சுமந்தபடி எல்லோருக்கும் முன்னே அமர்ந்திருக்கும் மூத்த பிள்ளையே, அடியேன் அளந்த சிறு வயிறுகளின் கதையை இடையூறின்றி எழுதி முடிக்கத் துணை நிற்பாயாக.

இன்று கார்த்திகை மாதத்துச் சோமவாரம். நீராடி, நீறணிந்து, விளக்கேற்றி, வழக்கமான பதிகங்களை ஓதி முடித்த பின் எழுத அமர்ந்திருக்கிறேன். மாலை வழிபாடு வரை உணவில்லை. பட்டினியைப் பற்றி எழுதுகிறவன் பட்டினியாக இருந்து எழுதுவதே முறை என்று தோன்றியது.

எழுபதுகளின் இறுதியில், சவ்வாது மலைமேல் ஓர் அறக்கட்டளை நடத்திவந்த சிறு மருத்துவமனையில் மயக்க மருத்துவனாக இருந்தேன். பன்னிரண்டு கட்டில்கள், ஓட்டுக் கூரை, ஓர் அறுவை அரங்கு. அறுவை மருத்துவர் மலையில் தங்குபவர் அல்லர். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை கலசப்பாக்கத்திலிருந்து ஜீப்பில் ஏறி வருவார். வந்த வேகத்தில் நான்கைந்து பேரை அறுத்துத் தைத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவார். கை தங்கம், வாய் மட்டும் கொதிக்கும் வெந்நீர்.

என் தொழிலில் ஓர் அச்சம் உண்டு. மருந்து ஒருவரை உறங்க வைக்கும்போது அவருடைய தொண்டையின் காவலும் சேர்ந்து உறங்கிவிடும். அவ்வேளையில் வயிற்றில் உணவிருந்தால் அது மேலேறி வந்து மூச்சுக்குழாயில் இறங்கும். அப்படி இறங்கினால் உயிருக்கு உறுதி இல்லை. ஆகையால் அறுவைக்கு முதல்நாள் மாலையிலிருந்தே பட்டினி என்பது மாறாத விதி. நான் மலைக்கு வந்த புதிதில், பட்டினி என்று சொல்லி அழைத்துவரப்பட்ட முதியவர் ஒருவர், கண் மூடிய மறுகணமே சாமைச் சோற்றை வாய்நிறையக் கொண்டுவந்தார். தலையைத் தாழ்த்தி, உறிஞ்சி, திருவைந்தெழுத்தை உள்ளுக்குள் உருவேற்றி, எப்படியோ காப்பாற்றினோம். அவர் மறுநாள் எழுந்து உட்கார்ந்து முதலில் கேட்டது சோறு.

அன்றிலிருந்து ஒரு பழக்கத்தைக் கைக்கொண்டேன். உறங்க வைக்கும் நேரத்தில், வயிற்றில் உள்ளது மேலேறாதபடி சிஸ்டர் நோயாளியின் கழுத்தை விரலால் அழுத்திக்கொள்வார். மூச்சுக்குழாய்க்குள் குழாயைச் செலுத்திப் பாதுகாப்பான பிறகு, வாய்வழியே வேறொரு தடித்த ரப்பர்க் குழாயை இரைப்பைவரை இறக்குவேன். பெரிய கண்ணாடிச் சிரிஞ்சால் உறிஞ்சுவேன். மேல்வயிற்றை மெல்ல அமுக்குவேன். இடமும் வலமுமாகச் சற்றுச் சாய்த்து மறுபடி உறிஞ்சுவேன். வந்ததை அளவுக் குடுவையில் ஊற்றி, கோட்டைப் பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதுவேன். பட்டினி கிடந்த வயிற்றில் சில கரண்டி தெளிந்த நீருக்கு மேல் இருக்காது என்பது என் படிப்பு.

மலையின் வயிறுகள் என் படிப்பைப் படித்திருக்கவில்லை. ஒருவரிடமிருந்து கேழ்வரகுக் கூழ் குடுவை வழிய வந்தது. இன்னொருவரிடம் குழாயின் நுனியில் பலாச்சுளை நார் சிக்கி, ஊதினாலும் போகவில்லை. மற்றொருவரிடம் மொச்சைக் குழம்பு, நிறம்கூட மாறாமல்.

"யோவ், உன் குடுவையப் பாத்தா கீழ நம்ம ஹோட்டல் சரக்கு மாஸ்டருக்கே பசி எடுக்கும்யா," என்பார் அறுவை மருத்துவர். "இவங்கள பட்டினின்னு எவன் சொன்னது?"

"வீட்டுப் பெரியவர்கள்தான் சொன்னார்கள்," என்பேன்.

"புளுகறாங்கய்யா!"

அங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. அம்மலை மக்களிடம் வேறு எதிலும் பொய்யை நான் கண்டதில்லை. தேன் விற்க வந்தால், "இது போன மழைக்கு எடுத்ததுங்க, கொஞ்சம் புளிச்சிருக்கும்," என்று தாமே சொல்லிவிடுவார்கள். அத்தகையவர்கள் வயிற்றுக் கணக்கில் மட்டும் பொய் பேசுவார்களா?

வார்டில் ஓர் ஆயா இருந்தார். புதூர்நாட்டுப் பக்கத்து ஊரில் பிறந்தவர். நான் ரப்பர்க் குழாயைக் கழுவிக் காயவைக்கும்போதெல்லாம் நின்று பார்ப்பார்.

"இன்னா டாக்டரய்யா, அந்தக் குழாய வுட்டு உள்ள இன்னாத்த தேடறீங்க?"

"வயிற்றில் என்ன இருக்கிறதென்று பார்க்கிறேன், அம்மா."

"கேட்டா சொல்ல மாட்டாங்களா? இதுக்கு ஒரு குழா, ஒரு கண்ணாடி ஜாடி, ஒரு நோட்டு!"

அந்தக் கேள்வியின் அருமையை அப்போது நான் உணரவில்லை.

இந்நிலையில் வைகாசி மாதத்தில் ஒரு பெண்மணி வந்தார். நாற்பதை ஒட்டிய வயது. சூலகத்தில் நீர்க்கட்டி வளர்ந்து, வயிறு நிறைமாதக்காரியைப் போல் முன்னே வந்திருந்தது. அவருடைய மகளுக்கு ஆவணியில் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அவர் பேசவில்லை; மலை வழக்கப்படி, உடன் வந்த கணவரின் தமையனாரே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். உயரமான மனிதர், தலைப்பாகை, தடித்த குரல். அவரே அக்குடும்பத்தின் மூத்தவர். என்ன துன்பம் என்பதை ஆயாதான் எனக்குப் பிரித்துச் சொன்னார்.

"வலி கூட பெருசில்லீங்க அதுக்கு. மாப்ள வூட்டு பொம்பளைங்க வாய்தான். பொண்ணுக்குக் கல்யாணம், ஆத்தாளுக்கு வளகாப்பான்னு கேக்கறாளுங்களாம். கல்யாணத்துக்கு முன்ன இத எடுக்கலன்னா, பந்தல்லயே வந்து நிக்க மாட்டேன்னு கீது."

ஆவணிக்குள் மூன்று அறுவை வியாழக்கிழமைகள் இருந்தன. போதும் என்று நினைத்தேன்.

முதல் வியாழனன்று, மேசையில் படுக்க வைப்பதற்கு முன் வாசலுக்கு வந்து மூத்தவரைக் கேட்டேன்: "நேற்று மாலையிலிருந்து பட்டினிதானே?"

"பட்டினிதாங்க. ஒரு பொட்டுத் தண்ணி எறங்கல," என்றார். அவர் முகம் வாடித்தான் இருந்தது. பின்னால் நின்ற உறவினர் கூட்டமும் வாடித்தான் இருந்தது. கவலை என்று எண்ணிக்கொண்டேன்.

உள்ளே சென்று ஊசியைக் கையில் எடுத்தேன். அப்பெண்மணி ஓர் ஏப்பம் விட்டார். அறுவை அரங்கம் முழுவதும் பலாப்பழ மணம் கமழ்ந்தது. கொசுவலைத் திரைக்கு வெளியே ஈக்கள்கூட ஒருகணம் நிமிர்ந்திருக்கும். அந்தப் பெரிய கட்டி இரைப்பையை மேல்நோக்கி நெருக்கிக்கொண்டிருந்த நிலையில், நிறைந்த வயிற்றோடு அவரை உறங்க வைப்பது கொலைக்கு ஒப்பாகும்.

ஊசியைக் கீழே வைத்தேன். அறுவை மருத்துவர் கையுறையைக் கழற்றி வீசிய வேகத்தில் அது விளக்கில் தொங்கியது.

இரண்டாம் வியாழன் ஆனி மாதத்தில். இம்முறை முதல்நாளே அவரை வார்டில் சேர்த்து, மூத்தவரைத் தனியே அழைத்து, இரு கைகூப்பிச் சொன்னேன். உணவு மேலேறி வந்தால் நேரும் ஆபத்தை விளக்கினேன். அவர் கண்கள் கலங்கின. "உசுரு போனாலும் பட்டினி தப்பாதுங்க," என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தார்.

மறுநாள் காலை அப்பெண்மணியைத் தள்ளுகட்டிலில் அரங்கை நோக்கிக் கொண்டுவந்தார்கள். அவர் முகம் செழித்திருந்தது. வாசலில் நின்ற மூத்தவரிடம், "பட்டினிதானே?" என்றேன். "பட்டினி..." என்று தொடங்கியவர் சொல்லை முடிக்காமல், தலைப்பாகையோடு நெடுமரம் போல் என் காலடியில் சாய்ந்தார்.

தள்ளுகட்டிலிலிருந்த நோயாளி இறங்கி ஓடிவந்து அவருக்கு முந்தானையால் விசிறினார். அறுவைக்கு வந்தவர் அவரா இவரா என்று பார்த்தவர் எவரும் தடுமாறியிருப்பார்கள். சிஸ்டர் குளுக்கோஸ் கரைத்துக் கொண்டுவந்தார். வாயருகே கொண்டுபோனதும் மூத்தவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"வேணாங்க! நீங்கதான சொன்னீங்க, ஒரு வாய் தண்ணி கூடக் கூடாதுன்னு?"

"நான் சொன்னது உங்களுக்கு அல்ல, ஐயா. அந்த அம்மாவுக்கு!"

அவர் எழுந்து உட்கார்ந்து, அறிவிழந்த ஒருவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "நோவுல கெடக்கற பொண்ணு எப்படிங்க நோம்பிருக்கும்? நாங்க வூட்ல பதினோரு பேரு இருக்கறப்போ அத பட்டினி போடுவமா? அது பங்கயும் சேத்து நாங்க இருந்துட்டோம். அதுக்கு விடிகாலம் ரெண்டு உருண்ட களி குடுத்துத்தான் உள்ள அனுப்புனோம்."

அவரோடு சேர்த்து, வெளியே புளியமரத்தடியில் இருந்தவர்களைப் பதினோராவது ஆள்வரை எண்ணிப் பார்த்தேன். கணவர், நாத்தனார்கள், கொழுந்தன்மார், திருமணம் நிச்சயமான மகள் என்று அத்தனை பேரும் உதடு வெடித்து, கண் பஞ்சடைந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரை நோய் பிடித்தால், சுற்றத்தார் அவருக்காக நோன்பிருந்து குலதெய்வத்திடம் இறைஞ்ச வேண்டும். நோயாளியை வயிறார உண்ணவைக்க வேண்டும். அது அவர்கள் மரபு. பட்டினி என்று ஒரு மருத்துவன் சொன்னால் அது நோன்பேயன்றி வேறென்ன? நான் வாசலில் நின்று கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும், மாதக்கணக்காக, ஒவ்வொரு குடும்பமும் உண்மையையே சொல்லியிருக்கிறது. நான் நோயாளியைக் கேட்டதே இல்லை. குழாயை விட்டு அளந்ததெல்லாம் தவறான வயிறுகளை.

"இது உங்களுக்குத் தெரியுமா, அம்மா?" என்று ஆயாவைக் கேட்டேன்.

"தெரியாம இன்னா? ஊருக்கே தெரியும்."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"நீங்க கேக்கலியே. குழாய்லதான கேட்டுகினு இருந்தீங்க."

அறுவை மருத்துவர் அன்றும் ஜீப்பில் ஏறினார். ஏறும்போது என் தோளைத் தொட்டு, "ஆடி மாசம் வரேன். அதுதான் கடைசி. அப்புறம் மழை, ரோடு, எதையும் நான் நம்ப மாட்டேன். அந்தம்மா வயித்துல ஒரு பருக்கை இருந்தாலும் நான் கத்தியத் தொடல, சொல்லிட்டேன்," என்றார்.

ஆடி மாதம் வந்ததும் மூத்தவரின் ஊருக்கு நானே நடந்து போனேன்; ஆயா வழிகாட்டினார். முற்றத்தில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். நோயாளி கதவோரம் நின்றார்.

"இந்த முறை நோன்பு அந்த அம்மாதான் இருக்க வேண்டும்," என்றேன்.

"ஆவாதுங்க. நோவாளிய பட்டினி போட்டா சாமி மொகத்த திருப்பிக்கும். அதவுட, சம்பந்தி வூட்ல இன்னா சொல்லுவாங்க? மருமகள பட்டினி போட்டு அறுக்க அனுப்புனாங்கம்பாங்க."

"உறக்கத்தில் சோறு மேலே வந்து மூச்சை அடைத்துவிடும், ஐயா."

"அத சாமி பாத்துக்கும். அதுக்குத்தான பதினோரு பேரு இருக்கறோம்?"

ஆண்டவன்மீது எனக்கு நம்பிக்கை குறைவு என்று எவரும் சொல்ல முடியாது. "சாமி பார்த்துக்கொள்வார். ஆனால் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் நான்," என்றேன். அது பதிலாக எடுபடவில்லை.

அப்போது கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அன்றுவரை நான் கேட்டிராத குரல்.

"நானே இருக்கறேன், மாமா. ரெண்டு தபா படுக்க வச்சி எழுப்பி உட்டாங்க. மூணாவது தபாவும் இப்பிடியே வந்தேன்னா, எம்மவ கல்யாணத்துல சமைக்கற எடத்துல ஒளிஞ்சிகினுதான் நிக்கணும். ஒரு நாளு துண்ணலன்னா நான் சாவ மாட்டேன்."

முறை கெடுகிறதே என்ற தவிப்பு மூத்தவர் முகத்தில் இருந்தது. ஆயா இடையில் புகுந்தார்.

"அண்ணே, நோம்ப மாத்தி வச்சிக்கங்க. அது இருக்கட்டும். அதுக்காவ நீங்க இருந்தீங்க இல்ல? இப்ப அதுக்காவ யாராச்சும் துண்ணட்டும். சோறு போவ வேண்டிய எடத்துக்குப் போனா சாமிக்குக் கோவம் இல்ல."

மூத்தவரின் முகம் மெல்லத் தெளிந்தது. "சரிதான். அது பங்க ஒருத்தரு துண்ணணும். ஆனா நாங்க துண்ணக் கூடாது, நாங்க நோம்பு. நோம்பு வெக்கச் சொன்னவங்கதான் துண்ணணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அதற்கென்ன, உண்கிறேன்," என்று பெருந்தன்மையோடு தலையசைத்தேன். பாதி மலை இறங்கிய பிறகுதான் உறைத்தது: அந்த வியாழன் ஆடிக் கிருத்திகை. பன்னிரண்டு வயதிலிருந்து ஓர் ஆண்டும் தவறாமல், பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீரும் தொடாமல், வேலவன் பாடல்களை ஓதியே கழித்த நாள். திரும்பிப் போய் நாளை மாற்றச் சொல்ல நினைத்தேன். நாள் அறுவை மருத்துவருடையது. அதை மாற்ற இயலாது. ஆயாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"உங்க சாமிக்கு நீங்க எடுத்து சொல்லிக்கங்க," என்றார். "எங்க சாமி அந்தளவு வெவரம் கேக்காது."

கிருத்திகை விடிந்தது. நீறணிந்து, கண்மூடி, மயிலேறும் பெருமானிடம் என் நிலையை விண்ணப்பித்தேன். கண்ணைத் திறந்தபோது எதிரே மூத்தவர் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"கவுச்சி கெடயாதுங்க. அவரக்கொட்ட குழம்பு."

தட்டில் ஒரு களி உருண்டை விழுந்தது. அது உருண்டை அன்று, சிறு குன்று. அதன் பக்கத்தில் இன்னொன்று விழுந்தது.

"ஐயா, ஒன்று போதுமே..."

"அது எப்பவும் ரெண்டு துண்ணுமுங்க. அது பங்குன்னா அது பங்குதான். கொறச்சா நோம்பு நிக்காது."

முதல் உருண்டையை உண்டேன். இரண்டாவதில் பாதிக்கு வந்தபோது நெற்றி வியர்த்தது. பதினோரு பட்டினிக்காரர்கள் சன்னல் வழியே ஒவ்வொரு கவளத்தையும் எண்ணினார்கள். "இன்னும் கொஞ்சந்தாங்க, ஆயிடுச்சி," என்று நாத்தனார் ஒருத்தி தேற்றினார். அவர்கள் கண்ணெதிரே உண்பது எனக்கு உள்ளபடியே நாணமாக இருந்தது. ஆயினும் அத்தட்டைத் துடைத்து வைத்தேன்.

பிறகு நேரே நோயாளியிடம் சென்று, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். "நீங்கள் ஏதேனும் உண்டீர்களா, குடித்தீர்களா?"

"இல்லீங்க. வாய் கொப்புளிச்சேன், துப்பிட்டேன்." பிறகு சற்றுத் தயங்கி, "நல்லா துண்ணீங்களா?" என்றார்.

"நன்றாக."

"குழம்புல உப்பு கம்மிங்க. பதட்டத்துல வச்சேன்."

அரங்கில் சிஸ்டர் கழுத்தை அழுத்திப் பிடித்தார். மருந்து ஏறியது, இமைகள் சாய்ந்தன. மூச்சுக்குழாய்க்குள் குழாய் தடையின்றிப் போனது. அடுத்ததாகத் தடித்த ரப்பர்க் குழாயை இரைப்பைக்கு இறக்கினேன். அதற்காக நான் குனிந்த நேரம், என்னையும் மீறி ஓர் ஏப்பம் வெளிவந்தது. முகத்திரை புடைத்துத் தாழ்ந்தது.

அறுவை மருத்துவர் கையுறையை மாட்டியபடி திரும்பினார். "யோவ்! பட்டினி இருக்க வேண்டியது அந்தம்மாவா, நீயா?"

"முறைப்படிதான் நடந்திருக்கிறது," என்றேன். வேறு விளக்கம் சொல்லும் நிலையில் என் வயிறு இல்லை.

சிரிஞ்சைப் பின்னுக்கு இழுத்தேன். காற்று வந்தது. மேல்வயிற்றை அமுக்கினேன், இடம் சாய்த்தேன், வலம் சாய்த்தேன். மறுபடி இழுத்தேன். தெளிந்த, இளமஞ்சள் நீர் சிறிது வந்தது. குடுவையில் ஊற்றினேன். அது அடிக்கோட்டைக்கூட எட்டவில்லை. இத்தனை மாதங்களில் அவ்வளவு அழகிய வெறுமையை நான் கண்டதில்லை. குடுவையை விளக்குக்கு நேரே உயர்த்திக் காட்டினேன்.

"ஒரு பருக்கை இல்ல," என்றார் அறுவை மருத்துவர். அவர் குரலில் முதன்முதலாகச் சூடு தணிந்திருந்தது. கத்தி இறங்கியது.

கட்டியை முழுதாக எடுத்து வாளியில் வைத்தபோது வாளி நிறைந்தது. மூத்தவர் அதைப் பார்த்தே தீர வேண்டும் என்றார். சிஸ்டர் வாளியை வாசலுக்குக் கொண்டுபோனார். அவர் குனிந்து, நன்றாகப் பார்த்து, நிமிர்ந்தார்.

"இதுதான் இத்தினி நாளா ரெண்டாவது உருண்டய துண்ணுதா?" என்றார். பிறகுதான் பதினோரு பேரும் தண்ணீர் குடித்தார்கள்.

அன்று மாலை வேலவன் சந்நிதியில் நின்றேன். பிழை பொறுக்கும்படி வேண்ட வாயெடுத்தேன். வேண்டுதலுக்குப் பதில் சிரிப்புதான் வந்தது. அடியவன் ஒருவன் பிறர்பொருட்டு விரதம் கெட்டதை மன்னிப்பதற்கு அப்பெருமானுக்கு ஆறு முகங்களும் தேவைப்பட்டிருக்காது, ஒன்றே போதும். அதன்பின் அம்மலையில் நான் இருந்தவரை, கேள்வியை நோயாளியிடமே கேட்டேன். உறவினர்களில் ஒருவருக்கேனும் அவர் பங்கை ஊட்டி அனுப்பச் சொன்னேன். என்னை உண்ணச் சொன்ன குடும்பங்களும் உண்டு. என் எடை கூடியது. குடுவையில் வந்தது குறைந்தது.

ஆவணியின் கடைசி முகூர்த்தத்தில் அத்திருமணத்துக்குப் போனேன். பந்தலில் மணமகளின் அருகே, கொசுவம் வைத்துக் கட்டிய மஞ்சள் புடவையில் தாயார் நிமிர்ந்து நின்றார். சம்பந்தி வீட்டுப் பெண்கள் அவரை மேலும் கீழும் பார்த்து, பார்க்க வந்தது எங்கே போயிற்று என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னா சம்பந்தி, எதயாச்சும் தொலச்சிட்டீங்களா?" என்றார் அவர், அந்தப் பந்தல் முழுவதும் கேட்க.

சிரிப்பு அடங்கிய பின் என் இலைக்கு அவரே வந்தார். பரிமாறிவிட்டுப் போகவில்லை, நின்றார்.

"துண்ணுங்க டாக்டரய்யா. இன்னிக்கி உங்க பங்கு மட்டுந்தான்."

இதைப் படித்தவரும், படிக்கக் கேட்டவரும், படிக்காமலே விட்டவரும் நோயின்றி வாழ்க. நிறைய வேண்டிய வேளையில் உங்கள் வயிறு நிறைக. ஒழிய வேண்டிய வேளையில் ஒழிக. உங்களுக்காக உண்ணாதிருப்போரும், உங்கள் பொருட்டு உண்போரும் உங்களைச் சூழ்ந்திருக்க, அம்மையும் அப்பனும் என்றும் காத்தருள்க.